‘இந்த வருசம்’ என்ற சொல்: மருத்துவ இடமும் மகளின் வாய்ப்பும்

“டீச்சர், அம்மிணிக்குக் கெடைக்குமுங்களா?”

மே மாதம் நீட் தேர்வு முடிந்ததிலிருந்து கலந்தாய்வு முடியும் வரை, கொங்குப் பக்கத்தில் உயிரியல் கற்பிக்கும் எந்த ஆசிரியையும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. பொள்ளாச்சிச் சந்தையில் கேட்பார்கள். காந்திபுரத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது கேட்பார்கள். கல்யாணப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் கேட்பார்கள். நானும் மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறவள் என்பதால் பல ஆண்டுகளாக இதற்குப் பதில் சொல்லி வருகிறேன். பதில் சொல்வதற்கு முன் மதிப்பெண்ணையும் இனத்தையும் விசாரிப்பது வழக்கம். சில ஆண்டுகளாக, கேள்வி கேட்கப்படும் விதத்தையும் சேர்த்துக் கவனிக்கிறேன்.

மகனுக்காகக் கேட்பவர்கள் பெரும்பாலும் இப்படிக் கேட்கிறார்கள்: “இந்த வருசம் இல்லீன்னாலும் அடுத்த வருசம் கெடைச்சிருமுங்களா?” மகளுக்காகக் கேட்பவர்கள் இப்படி: “இந்த வருசம் கெடைக்குமுங்களா? இல்லீன்னா வேற எதுலயாவது போட்டரலாம்னு.” எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். மகளுக்காக மூன்று முறை காத்திருந்த அப்பாக்களையும் எனக்குத் தெரியும். ஆனால் ‘அடுத்த வருசம்’ என்ற சொல் மகனுக்கு இயல்பாக வருகிறது. மகளுக்கு அதைக் கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மருத்துவ இடம் கிடைக்கும் வாய்ப்பு என்று நாம் எண்களில் பேசும் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தச் சொல் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் வாசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

கணக்கு மாறிய கதை

வாய்ப்பைக் கணக்கிடும் முறை தமிழ்நாட்டில் நாற்பது ஆண்டுகளில் மூன்று முறை மாறியிருக்கிறது. 1984-85இல் தொழிற்படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. ப்ளஸ் டூ மதிப்பெண்ணோடு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் சேர்ந்தது. ‘இம்ப்ரூவ்மென்ட்’ என்ற சொல் வீடுகளுக்குள் புழங்கியது அந்தக் காலத்தில்தான். ஒரு முறை எழுதிய ப்ளஸ் டூ தேர்வை மறுபடி எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம். 2005இல் நுழைவுத் தேர்வையும் இம்ப்ரூவ்மென்ட்டையும் நீக்க அரசு முயன்றது. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிறகு 2006இல் கொண்டுவரப்பட்ட சட்டம் 2007இல் குடியரசுத் தலைவர் ஒப்புதலைப் பெற்றது. நுழைவுத் தேர்வு போனது.

அதன்பின் 2016 வரை கணக்கு எளிமையாக இருந்தது. உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொத்தம் 200. அதற்குப் பெயர் கட்-ஆஃப். ப்ளஸ் டூ முடிவு வந்த அன்று மாலைக்குள் ஒரு பெண் தன் கட்-ஆஃபை நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்துவிடுவாள். சென்ற ஆண்டு தன் பிரிவில் எந்த எண் வரை போனது என்று பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைத்துவிடும். அந்தப் பத்தாண்டுகளைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மதிப்பெண் வெறியும் ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் ப்ளஸ் டூ பாடத்தையே மனப்பாடம் செய்யவைத்த பள்ளிகளும் அந்தக் காலத்தில்தான் இங்கே செழித்தன. ஆனால் அந்த முறையில் ஓர் அம்சம் மகள்களுக்குச் சாதகமாக இருந்தது. எல்லாம் ஒரே தேர்வில், பள்ளிப் படிப்போடு, வீட்டில் தனி அனுமதி கேட்காமலே நடந்து முடிந்தது. ப்ளஸ் டூ எழுத மகளை அனுமதித்த வீடு மருத்துவத்துக்கான போட்டிக்கும் அவளைத் தன்னையறியாமலே அனுமதித்திருந்தது.

2017இலிருந்து நீட். 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள், சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு 1 குறையும். பள்ளித் தேர்வு வேறு, மருத்துவத் தேர்வு வேறு என்றான பிறகு, அந்த இரண்டாவது தேர்வுக்கென்று தனிப் பணம், தனி நேரம், தனி அனுமதி மூன்றும் தேவைப்பட்டன. அனுமதி என்பதை ஆண் பிள்ளைகள் வீட்டில் கேட்டுப் பெறுவது அரிது. பெண் பிள்ளைகளுக்கு எதற்கும் அது முதலில் வேண்டும்.

நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையிலான உயர்நிலைக் குழு 2021 ஜூலையில் தமிழ்நாடு அரசிடம் தன் அறிக்கையைக் கொடுத்தது. 86,000க்கும் மேற்பட்ட கருத்துகளைப் பெற்று எழுதப்பட்ட அறிக்கை அது. அதன் எண்களில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இது: எம்.பி.பி.எஸ். சேர்க்கையில், முந்தைய ஆண்டில் பள்ளி முடித்துவிட்டுக் காத்திருந்து வந்தவர்களின் பங்கு 2016-17இல் 12.47 விழுக்காடு, 2020-21இல் அது 71.42 விழுக்காடு. நீட் பற்றிய நம் விவாதங்களில் நகரம்-கிராமம், ஆங்கில வழி-தமிழ் வழி, சி.பி.எஸ்.இ.-மாநிலப் பாடத்திட்டம் என்ற பிளவுகளைப் பேசுகிறோம். மூன்றும் உண்மை. ஆனால் இந்த 71.42ஐ ஒரு பெண்ணின் கண்ணோடு வாசித்தால் நான்காவது பிளவு ஒன்று தெரிகிறது. இடம் பெற்ற பத்துப் பேரில் ஏழு பேர் இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ எழுதியவர்கள் என்றால், முதல் முறை மட்டுமே எழுத அனுமதிக்கப்பட்டவளின் வாய்ப்பு என்ன?

சட்டத்தைக் கேட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்கிறது. முன்பிருந்த உச்ச வயது வரம்பும் 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. விதிகளில் பெண்ணுக்கு எந்தத் தடையும் கிடையாது. தடை விதிக்குள் இல்லாதபோது அதை யாரும் பதிவு செய்வதில்லை.

காத்திருக்கும் ஆண்டின் விலை

காத்திருக்கும் ஆண்டை இங்கே ‘ரிப்பீட்டர் பேட்ச்’ என்கிறார்கள். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் ப்ளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பேர்போன உறைவிடப் பள்ளிகள் பல, 2017க்குப் பிறகு அதே விடுதிகளில் நீட் பயிற்சியைத் தொடங்கின. கோயம்புத்தூர் நகரத்துக்குள்ளும் பயிற்சி மையங்கள் பெருகின. கட்டணம் லட்சத்தில். தங்கிப் படித்தால் அதற்கு மேலும்.

இந்தப் பணம் வீட்டுக்குள் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். மகனுக்குச் செலவழிப்பது முதலீடு. மகளுக்குச் செலவழிப்பது கழிவு. அவள் நகையிலிருந்து கழிக்கப்படும். ஒரு பவுன் விலை 2025இல் 70,000 ரூபாயைத் தாண்டியதிலிருந்து, கோச்சிங் கட்டணத்தைப் பவுனில் சொல்லும் அம்மாக்களை நான் பார்க்கிறேன். “ரெண்டு பவுனு போச்சுங்க டீச்சர். கெடைக்காட்டி அதும் போச்சு, இதும் போச்சு.” பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் இயற்றிவிட்டது. தோட்டத்தில் தனக்குப் பங்கு உண்டு என்று கேட்கத் தயங்கும் மகள், தன் நகையை விற்றுப் படிக்கவை என்று கேட்க எவ்வளவு தயங்குவாள்? கேட்காத பங்குக்கும் செலவழிந்த பவுனுக்கும் நடுவில் அவளுடைய இரண்டாவது முயற்சி நசுங்கிப்போகிறது.

பணத்துக்கு அடுத்தது வயது. பதினேழு முடிந்து நீட் எழுதுகிறாள். எம்.பி.பி.எஸ். படிப்பு, பயிற்சி மருத்துவர் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. முதல் முறையிலேயே கிடைத்தால் இருபத்துமூன்று. இரண்டாவது முறை என்றால் இருபத்துநான்கு. அதற்கு மேல் முதுநிலை இருக்கிறது. அதற்கும் தனி நீட் இருக்கிறது. மகளின் வயதை இப்படிக் கூட்டிப் பார்ப்பவர்கள், மகனின் வயதைக் கூட்டுவதில்லை. “டாக்டர் பொண்ணுக்கு டாக்டர் மாப்பிள்ளைதான் பாக்கோணும், அதுக்கு எங்க போறது?” என்ற கவலையும் இந்தக் கூட்டலில் சேர்ந்துகொள்கிறது. அவள் இன்னும் கல்லூரிக்குள் கால் வைக்கவில்லை. அதற்குள் அவள் படிப்பு, வராத மாப்பிள்ளையின் தகுதிக்குப் பொருந்துமா என்று அளக்கப்படுகிறது.

மூன்றாவது, தூரம். தர வரிசை வந்த பிறகு கல்லூரிகளைத் தேர்வு செய்து வரிசைப்படுத்த வேண்டும். அந்த வரிசையில் கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரியும் இ.எஸ்.ஐ. கல்லூரியும் பெருந்துறையும் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருப்பூரும் நாமக்கல்லும் நீலகிரியும் முதலில் வரும். அவளுடைய வரிசை எண்ணுக்கு இராமநாதபுரமோ தூத்துக்குடியோதான் எட்டும் என்றால், சில வீடுகளில் அந்தப் பெயர்களே பட்டியலில் ஏறாது. “அவ்வளவு தூரம் பொம்பளப் புள்ளைய அனுப்பறதா? இங்கியே நர்சிங்கோ பார்மசியோ படிக்கட்டும்.” நர்சிங்கும் பார்மசியும் தாழ்ந்த படிப்புகள் அல்ல. அவற்றை விரும்பிப் படிப்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் எம்.பி.பி.எஸ். எட்டும் எண்ணைக் கையில் வைத்திருந்தும், தூரத்தைக் காரணம் காட்டி வேறு படிப்புக்குத் திருப்பப்பட்டவளை எந்தப் புள்ளிவிவரத்திலும் ‘வாய்ப்பை இழந்தவள்’ என்று எழுதுவதில்லை. ‘விரும்பவில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள்.

விண்ணப்பிக்காத ஒருத்தியின் வழக்கு

விண்ணப்பிக்காதவளின் குரல் எங்கேயும் பதிவாகாது என்று சொல்லும்போது, அப்படிப் பதிவான ஒரே ஒரு குரலை நினைக்காமல் இருக்க முடியாது. இந்திய இடஒதுக்கீட்டு வரலாற்றின் முதல் பெரிய வழக்கு ஒரு பெண்ணின் பெயரில், மருத்துவக் கல்லூரி இடத்தைப் பற்றி நடந்தது. சென்னை மாநிலம் எதிர் செண்பகம் துரைராஜன். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1951 ஏப்ரல் 9.

அன்று மாநிலத்தில் நான்கு மருத்துவக் கல்லூரிகள், 330 இடங்கள். வகுப்புவாரி அரசாணையின்படி ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்றைய அரசுச் சொல்லில் ‘அரிசன’ மக்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறித்தவர்க்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. தமிழ்நாடு கொந்தளித்தது. அதே ஆண்டு அரசமைப்புச் சட்டம் முதன்முதலாகத் திருத்தப்பட்டு 15(4) பிரிவு சேர்ந்தது. இந்தக் கதை நம் மாணவிகளுக்குத் தெரியும். நானும் வகுப்புவாரி உரிமையின் பக்கம் நிற்பவள்தான். ஆனால் அந்தத் தீர்ப்பின் வாசகத்தில் அதிகம் பேசப்படாத இரண்டு செய்திகள் இருக்கின்றன.

ஒன்று: செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாக அவருடைய பிரமாணப் பத்திரத்திலிருந்து தெரியவில்லை என்று நீதிமன்றமே குறிப்பிடுகிறது. விசாரித்துப் பார்த்ததில், பிராமணர் என்பதால் தனக்கு இடம் கிடைக்காது என்று அறிந்துகொண்டார், அவ்வளவுதான். அதாவது ஒரு பெண் தன் வாய்ப்பை மதிப்பிட்டு, அது இல்லை என்று முடிவு செய்து, அந்த மதிப்பீட்டையே வழக்காக்கினார். விண்ணப்பிக்காததைக் காரணம் காட்டி அவரைத் திருப்பி அனுப்ப அரசுத் தரப்பும் பிடிவாதம் பிடிக்கவில்லை. நாட்டின் உச்ச நீதிமன்றம் அவருடைய மதிப்பீட்டை உண்மையாக எடுத்துக்கொண்டது.

படிப்பும் சட்ட அறிவும் சமூக மதிப்பும் உள்ள ஒருத்தியின் ‘எனக்குக் கிடைக்காது’ நீதிமன்றத்தில் ஏறியது. பல்லடத்துக்குப் பக்கத்தில் விசைத்தறி ஓட்டும் வீட்டு மகளின் ‘எனக்குக் கிடைக்காது’ எங்கே ஏறும்? அவளும் விண்ணப்பிக்கவில்லை. அவளும் விசாரித்துத்தான் பார்த்தாள், வீட்டில். இருவரும் தம் வாய்ப்பை மதிப்பிட்டவர்களே. ஒருவருடைய மதிப்பீடு அரசமைப்பைத் திருத்த வைத்தது. மற்றவளுடையது அவள் அம்மாவின் காதைத் தாண்டவில்லை. சாதியும் வர்க்கமும் பெண்களுக்கு நடுவில் என்ன செய்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இரண்டாவது செய்தி: செல்லாது என்று சொல்லப்பட்ட அதே சேர்க்கை முறையில், மருத்துவக் கல்லூரிகளில் மாநில மாணவர்க்கான இடங்களில் குறைந்தது 20 விழுக்காடு பெண்களால் நிரப்பப்பட வேண்டும் என்ற விதி இருந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதைத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். தகுதி உள்ள பெண்கள் கூடுதலாக இருந்தால் ஆண்களோடு போட்டியிட்டு அதற்கு மேலும் வரலாம். 20 என்பது தரை, கூரை அல்ல.

அந்த விதியில் என் கவனம் போவது ‘வட்டாரத்துக்குத் தனித்தனியாக’ என்ற இடத்தில். சென்னையில் படித்த பெண்கள் எல்லா இடத்தையும் நிரப்பிவிட்டார்கள் என்று சொல்லி இன்னொரு வட்டாரத்துப் பெண்களை மறந்துவிட முடியாது. கோயம்புத்தூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 1966இல்தான். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, ஊர் ஊராகப் பெண்களை எண்ண வேண்டும் என்று ஓர் அரசு விதி யோசித்திருக்கிறது. இன்றைய எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் பெண்களுக்கென்று தனி விழுக்காடு கிடையாது. தேவையில்லை, அவர்கள்தான் நிறைய வருகிறார்களே என்பார்கள்.

நிறைய வருகிறார்களே?

உண்மைதான். சில ஆண்டுகளாக நாடு முழுவதும் நீட் எழுதப் பதிவு செய்பவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். கோயம்புத்தூரில் எந்தப் பயிற்சி மையத்தின் ஃபிளெக்ஸைப் பார்த்தாலும் இரட்டைச் சடை போட்ட முகங்கள் வரிசையாகச் சிரிக்கின்றன. 1907இல் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததையும், அதற்கு முன் புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரியில் நுழையவே மன்னரின் அனுமதி அவருக்குத் தேவைப்பட்டதையும் நினைத்தால், இந்த ஃபிளெக்ஸ் ஒரு நூற்றாண்டின் சாதனை. எனக்கும் அதைப் பார்க்கையில் மனம் நிறைகிறது.

ஆனால் பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையும் வாய்ப்பும் ஒன்றல்ல. பதிவு ஒரு நாள் வேலை. வாய்ப்பு என்பது எத்தனை முறை, எந்தப் பயிற்சியோடு, எந்தக் கல்லூரி வரை போகலாம் என்ற தளர்வோடு எழுதினாள் என்பது. ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் எழுதி, ஒருவருக்கு மூன்று முயற்சியும் மற்றவருக்கு ஒரு முயற்சியும் இருந்தால் அதைச் சமமான தேர்வு என்று சொல்ல முடியாது. பெண்கள் இவ்வளவு தடைகளோடும் இவ்வளவு பேர் வருகிறார்கள் என்றால், தடை இல்லாமல் எவ்வளவு பேர் வருவார்கள் என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

இந்த மண்ணில் அந்தக் கேள்விக்கு இன்னொரு ஆழமும் இருக்கிறது. பிறந்த பெண் குழந்தைகளைக் காப்பாற்ற அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் தொடங்கியது சேலத்தில். இப்போது “பையனுக்குப் பொண்ணு கெடைக்கறதில்லீங்க” என்று ஊர் ஊராகப் புலம்புகிறார்கள். பொண்ணுகளைப் படிக்க வெச்சதுதான் காரணம் என்றும் கூடவே சொல்கிறார்கள். பெண்களே குறைவாகப் பிறக்கவிடப்பட்டதைப் பேசாமல், பிறந்தவர்கள் அதிகம் படித்ததைக் குற்றமாக்குகிறார்கள். மகளின் இரண்டாவது முயற்சிக்குக் குறுக்கே நிற்கும் மனக்கணக்கில் இந்தப் புலம்பலும் ஓர் எண்.

ஃபிளெக்ஸுக்கு வருவோம். அதில் இருக்கும் பெண்கள் எந்த விடுதியிலிருந்து வந்தார்கள் என்று அது சொல்லாது. நாமக்கல் வட்டாரத்துக் கோழிப் பண்ணைகளைப் பார்த்து, ‘பிராய்லர் பள்ளி’ என்று மக்களே பெயர் வைத்தார்கள். அதிகாலை எழுப்பல், இரவு வரை தேர்வு, வெளியே போக அனுமதியின்மை. இதே வட்டாரத்தில் இன்னொரு விடுதியும் உண்டு. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் நூற்பாலைகளில் பதினைந்து பதினாறு வயதுப் பெண்களை மூன்று ஆண்டுகள் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்ன ‘சுமங்கலித் திட்டம்’. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்றில் பணம் கட்டிச் சேர்க்கிறார்கள், மற்றதில் பணத்துக்காகச் சேர்க்கிறார்கள். ஒன்றின் முடிவில் மருத்துவர் ஆகலாம், மற்றதின் முடிவில் தாலி. ஆனால் பூட்டிய கதவும் எண்ணிய நேரமும், பெண்ணின் பதினேழாவது வயதைக் குடும்பத்தின் கணக்கில் எழுதும் பழக்கமும் இரண்டிலும் பொது. விடுதியை ‘பாதுகாப்பு’ என்று பெற்றோர் நம்புவதும் பொது. ஃபிளெக்ஸில் சிரிக்கும் முகத்துக்காக மகிழும்போதே, அவளைவிடச் சில கிலோமீட்டர் தள்ளி நூல் முடிச்சுப் போடும் அவள் வயதுக்காரியின் வாய்ப்பு யாருடைய கணக்கிலும் இல்லை என்பதை நாம் மறக்கக் கூடாது.

அனிதாவை நினைக்கும் விதம்

2017 செப்டம்பர் 1 அன்று அரியலூர் மாவட்டம் குழுமூரின் அனிதாவை இழந்தோம். ப்ளஸ் டூவில் 1200க்கு 1176. பழைய கணக்கில் கட்-ஆஃப் 196.75. புதிய கணக்கில் 720க்கு 86. ஒரே பெண், ஒரே மூளை, ஒரே ஆண்டு. எந்த அளவுகோலை வைத்தார்கள் என்பதைப் பொறுத்து மருத்துவராகவும், ஆக முடியாதவளாகவும் ஆனாள். உச்ச நீதிமன்றம் வரை போய்த் தன் வாய்ப்புக்காக அவளே வாதாடினாள்.

அவளை நம் அரசியல் ‘தங்கை அனிதா’ என்று நினைவில் வைத்திருக்கிறது. அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. தங்கை, மகள் என்று உறவாக்கும்போது இழந்தவர்கள் அண்ணன்களும் அப்பாக்களும் ஆகிவிடுகிறார்கள். தனக்காக, தன் பெயரில், ஒரு தொழிலை விரும்பிய ஒரு தலித் பெண்ணின் ஆசை பின்னால் போய்விடுகிறது. சென்னை கொளத்தூரில் அவள் பெயரில் நடக்கும் மையத்தில் பெண்களுக்கு டேலியும் தையலும் கற்றுத்தருகிறார்கள். பலருக்குப் பயன்படும் வேலைதான். ஆனால் மருத்துவம் கேட்டவளின் பெயரில் நாம் பெண்களுக்குத் தருவது கணக்கெழுதும் வேலையும் தையல் இயந்திரமும் என்பதில் ஒரு செய்தி இருக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில் நீட் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அவையில் அறிவித்தார். விலக்கு வரும் வரை காத்திருக்கும் பெண்களுக்கு நடுவில் என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அரசு திறந்த கதவுகள்

எதுவும் செய்யப்படவில்லை என்று சொன்னால் அது பொய். 2020இல் வந்த சட்டம், ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்தது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசு ஏற்கிறது. மகனை மெட்ரிக் பள்ளியிலும் மகளை அரசுப் பள்ளியிலும் சேர்த்த வீடுகளை எனக்குத் தெரியும். குறைவாகச் செலவழிக்கத்தான் அப்படிச் சேர்த்தார்கள். அந்தப் பாகுபாடே மகளுக்கு ஒரு தகுதியாகத் திரும்பி வந்திருப்பதை எண்ணி நான் ரகசியமாகச் சிரித்ததுண்டு.

அருந்ததியர்க்கு 2009இல் வந்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடும் கொங்கு மண்ணுக்கு மிக முக்கியமானது. தோட்டத்து வேலையும் துப்புரவு வேலையுமே விதி என்று ஒதுக்கப்பட்ட தெருக்களிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு ஒரு வழி அது. இப்படி உள் ஒதுக்கீடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. அந்தத் தெருவின் மகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: உன் வாய்ப்பைப் பக்கத்துத் தெருக்காரரின் கட்-ஆஃபை வைத்து மதிப்பிடாதே.

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 முதல் திருமண உதவியாகவும் பின்னாளில் தாலிக்குத் தங்கமாகவும் போன பணம், அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாயாக மாறியது. கல்யாணத்துக்கு வைத்த பணத்தைப் படிப்புக்குத் திருப்பியது அரசு. வீடுகள் இன்னும் செய்யாத ஒன்றை அது செய்துகாட்டியது. ஆனால் அந்த 1000 ரூபாய் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். சேர்வதற்கு முன்னுள்ள அந்த ஒரு ஆண்டு, பத்தில் ஏழு இடங்களைத் தீர்மானித்த அந்த ஆண்டு, அந்தத் திட்டத்தின் கீழ் வரவில்லை.

நாம் கேட்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து, முதல் முறை தகுதி பெற்று, இடம் எட்டாத பெண்ணுக்கு அடுத்த ஆண்டில் மாவட்டத் தலைநகரில் இலவச விடுதியும் பயிற்சியும் உதவித்தொகையும் வேண்டும். இடம் பெற்றவர்களை ஆண்-பெண், எத்தனையாவது முயற்சி, எந்த மாவட்டம் என்று மூன்றையும் சேர்த்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 1950இன் விதி வட்டாரம் வட்டாரமாக எண்ணச் சொன்னது. நாம் முயற்சி முயற்சியாகவும் எண்ணச் சொல்கிறோம். எண்ணாத வரை, எழுத விடப்படாதவளும் எழுத விரும்பாதவளும் ஒரே கட்டத்தில்தான் விழுவார்கள்.

கணக்கை நீ போடு

இதைப் படிக்கும் மாணவிக்குச் சில சொற்கள். ‘தகுதி’ என்பது இடம் அல்ல. பொதுப் பிரிவில் எழுதியவர்களில் ஐம்பதாவது பெர்சன்டைலை எட்டினாலே தகுதி என்று வந்துவிடும். இடத்துக்கு அதற்கு வெகுதூரம் மேலே போக வேண்டும். சென்ற ஆண்டு மதிப்பெண்ணை வைத்து இந்த ஆண்டை அளக்காதே. 2024இல் முதலில் வெளியான முடிவில் 67 பேர் 720க்கு 720 பெற்றிருந்தார்கள்; திருத்திய முடிவில் அது 17 ஆனது. 2025இல் நாட்டிலேயே முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. மதிப்பெண் ஏறி இறங்கும். சென்ற ஆண்டு உன் பிரிவில் எந்த வரிசை எண் வரை, எத்தனையாவது சுற்றில், எந்தக் கல்லூரி கிடைத்தது என்று பார். முதல் சுற்றில் கிடைக்காதது பின் சுற்றில் கிடைக்கலாம். அரசு ஒதுக்கீடு, நிர்வாக ஒதுக்கீடு, 7.5 விழுக்காடு மூன்றுக்கும் பட்டியல் தனித்தனி. உனக்கு எவையெல்லாம் பொருந்தும் என்று நீயே படித்துத் தெரிந்துகொள். கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது நீ உட்கார்ந்து வரிசைப்படுத்து. இராமநாதபுரத்திலும் ஐந்தரை ஆண்டில் எம்.பி.பி.எஸ். முடிந்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் வீட்டில் ஒரு பேச்சு நடக்க வேண்டும். முடிவு வந்த பிறகு நடந்தால் அது தோல்வியின் மேல் நடக்கும் பேச்சாக இருக்கும்; உன் குரல் தாழ்ந்திருக்கும். ப்ளஸ் ஒன்னிலேயே, விளக்கணைக்கும் முன் ஒரு நாள், அப்பாவிடமும் அம்மாவிடமும் கேள்: முதல் முறை வராவிட்டால் எனக்கு இன்னொரு ஆண்டு உண்டா? அதற்கு எவ்வளவு செலவழிக்க முடியும்? அண்ணனுக்கு எத்தனை ஆண்டு தந்தீர்கள்? முடியாது என்று சொன்னாலும் நீ தோற்றதாகாது. உன் வாய்ப்பில் எவ்வளவு தேர்வைப் பொறுத்தது, எவ்வளவு வீட்டைப் பொறுத்தது என்பது அன்றைக்கே உனக்குத் தெரிந்துவிடும். முதலாவதற்குப் படிக்கலாம். இரண்டாவதற்கு அக்காவை, அத்தையை, பள்ளி ஆசிரியையை, பக்கத்து வீட்டுக்காரரைக்கூடத் துணைக்கு அழைத்துக்கொண்டு பேசலாம். பேசுவதற்கு உனக்கு இரண்டு ஆண்டுகள் இருக்கும்.